ஒரு சாண் ஒலிபெருக்கி

வாய்க்காலின் இந்தக் கரையில் ஒருத்தி பேசுவது அந்தக் கரைக்குக் கேட்டுவிட்டால் யாருடைய குடி முழுகிப்போகும்? பதில் சொல்லுங்கள். தங்கையன் மூன்று வாரமாகக் கண்டவரிடமெல்லாம் இதைத்தான் கேட்டான்.

தங்கையன் காரைக்கால் பஸ் ஷெட்டில் வண்டி கழுவுகிறவன். வீடு, நெரவிக்கு அப்பால் வாய்க்காலின் கீழ்க்கரைச் சேரியில். மேல்கரையில் பெரிய தெருவும் நல்ல தண்ணீர்க் குளமும். குளத்தில் சேரிக்காரர் கால் நனைக்கக் கூடாது. 1956 கோடையில், எருமை புரளும் குட்டைத் தண்ணீரைக் குடித்து, சேரிக் காசியம்மாவின் ஆறு வயது மகள் பேதியில் செத்தாள். "ஆத்தா கோபம்" என்று மேல்கரை தீர்ப்புச் சொல்லிக் கை கழுவிக்கொண்டது. கழுவியதும் அந்தக் குளத்தில்தான்.

சேரி வாலிபர்கள் இதை நாடகமாகப் போட முடிவு செய்தார்கள். கடைசிக் காட்சியில் காசியம்மாவே வந்து, கோபமும் இல்லை சாபமும் இல்லை, தண்ணீர்தான் கொன்றது என்று சொல்ல வேண்டும். மேல்கரைக்காரர் சேரிக்குள் வரமாட்டார்கள். தங்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். காசியம்மாவுக்கோ அழுது அழுது தொண்டை போய்விட்டது. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அவள் பேசுவதும் ஒன்றுதான், பேசாமலிருப்பதும் ஒன்றுதான்.

ஒலிபெருக்கி செய்யும் வேலையைத் தங்கையன் எடுத்துக்கொண்டான். பட்டாளத்துப் பழைய டெலிபோனிலிருந்து பிடுங்கியது மைக் ஆயிற்று. ரேடியோ ரிப்பேர் செய்கிற காஜா மைதீன், மூலையில் போட்டிருந்த, ஒலியைப் பெருக்கும் வால்வுப் பெட்டியைத் தட்டிக்கொட்டிப் பேசவைத்துக் கொடுத்தார். ஷெட்டில் கழித்த பஸ் பாட்டரி இரண்டு கிடைத்தது. அம்பகரத்தூர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஒலிபெருக்கிக் குழாயைக்கூட இரவல் வாங்கிவிட்டான்.

அனுமதிக்கு 'மேரி'க்குப் போனான். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி இரண்டு வருஷமாகியும் நகராட்சி அலுவலகத்துக்கு இன்னும் அவன் வைத்த பெயர்தான். உள்ளே எழுதுகிற மொழியும் அவன் மொழிதான். குமாஸ்தா காகிதத்தில் முத்திரை குத்தி, "நாடகம் போடலாம். சான் ஓபார்லேர்" என்றார்.

"ஓபார்லேர்னா என்னங்க?"

"ஒலிபெருக்கிடா. நகரு, நகரு."

சாண் ஒலிபெருக்கி! தங்கையன் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு நடந்தான். பெரிய குழாயின் வாய் மூன்று சாண் இருக்கும். அதைக் கட்டினால் நாடகத்தையே நிறுத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பிக் கொடுத்தான். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் அளந்து, ஒரு சாண் வாயுள்ள குழாய் செய்து, பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைப் பின்னால் பொருத்தினான்.

"என்னடா தங்கையா, எண்ணெய் ஊத்துற புனலா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரி.

"சர்க்கார் அளவு, அக்கா. ஒரு சாண்தான் இருக்கணுமாம்."

"உன் சாணா, குமாஸ்தா சாணா? கேட்டியா?"

அவன் எதற்கும் இருக்கட்டுமென்று இன்னும் அரை விரற்கடை வெட்டிக் குறைத்தான்.

பூவரச மரத்தில் கட்டிச் சோதித்தபோது, "ஏதாச்சும் சொல்லுங்க காசியக்கா" என்றான்.

"என்னத்தடா சொல்ல?"

அந்தச் சொல் கரகரத்துக்கொண்டு வாய்க்காலைத் தாண்டியது. அக்கரையில் மாடு ஓட்டிப்போனவர் நின்று திரும்பிப் பார்த்தார். மகள் செத்த பிறகு காசியம்மா நிமிர்ந்து நின்றது அன்றைக்குத்தான்.

ஞாயிறு மாலை, கடைசிக் காட்சிக்கு முன்னால் போலீஸ்காரர் வந்தார். தங்கையன் காகிதத்தை நீட்டினான். அவருக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியவில்லை. நாடகம் பார்க்க வந்திருந்த சந்தனசாமியைக் கூப்பிட்டார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவர். படித்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு சாண்தானே போட்டிருக்கு? அளந்து பாருங்கய்யா!" தங்கையன் விரலை விரித்துக் காட்டினான்.

"சாண் இல்ல தம்பி. சான். அவன் பாஷையில அதுக்கு 'இல்லாம'ன்னு அர்த்தம். ஒலிபெருக்கி இல்லாம போடணும்னு எழுதியிருக்கு."

அக்கரையில் யாரோ சிரித்தார்கள். "அளந்து வெட்டியிருக்கான் பாரு, தச்சன்!"

"ரெண்டு நிமிஷங்க. அந்த அக்கா பேசி முடிக்கட்டுங்க. அப்புறம் என்னையும் சேர்த்துக் கட்டி இழுத்துட்டுப் போங்க."

போலீஸ்காரர் கம்பியைப் பிடுங்கினார். பெட்டி, பாட்டரி, தகரக் குழாய் எல்லாம் வண்டியில் ஏறின.

காசியம்மா பேசத்தான் செய்தாள். உதடு அசைந்தது. தங்கையன் அவள் சொல்லச் சொல்ல உரக்கத் திருப்பிச் சொன்னான். "தண்ணிதான்" என்ற இடத்தில் வாய்க்கால் ஓரத்துக்கே போய் நின்று கத்தினான். அக்கரைக்காரர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள்.

இதைத் தலைவிதி என்று சொல்லாதீர்கள். எழுதியது ஒரு குமாஸ்தாவின் பேனா. தமிழில் ஒரு வரி எழுத அதற்குக் கை வரவில்லை.

கருவியைப் போலீஸ் இன்னும் திருப்பித் தரவில்லை. வருகிற ஞாயிறு மாலை காசியம்மா மறுபடி பேசப்போகிறாள். அவள் குரல் உங்களைத் தேடி வராது. நீங்கள் மேல்கரையிலிருந்து வாய்க்காலில் இறங்கி வாருங்கள், முழங்கால் தண்ணீர்தான். பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேளுங்கள். பிறகு அவள் இடுப்பில் ஒரு குடத்தை வைத்து, உங்கள் குளத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள்.