மீன்கொத்திக்குக் கீழே மாதையன்

செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மனிதரின் படத்தைத் தெரிந்தே அழித்தேன். அவருக்கு இருந்த ஒரே நல்ல படம் அது. அவர் இறந்த பிறகு வீட்டார் வந்து கேட்டபோது, கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பொய் சொன்னேன்.

கேமரா அன்றைக்குக் கெடவில்லை. இப்போதுதான் கெட்டிருக்கிறது.

போன மாதம் காரிமங்கலம் பக்கத்தில் எங்கள் ஏரிக்கரையில் நின்று பட்டனை அழுத்தினேன். லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளங்கையால் ஒரு தட்டு. உள்ளே போனது. இன்னொரு தட்டு. முழுசாக வெளியே வந்தது. அதற்குள் கொக்கு எங்கேயோ போய்விட்டது.

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ரிட்டையர் ஆன வருடம் வாங்கிய டிஜிட்டல் கேமரா. ஸ்கிரீனின் ஒரு மூலை கறுத்துவிட்டது. பேட்டரி மூடியை ஒரு ரப்பர் பேண்ட் காப்பாற்றி வருகிறது. ஆனாலும் எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று என் விரல்களுக்குத் தெரியும்… இந்த வயதில் இன்னொன்றைப் புதிதாகப் படிக்க வேண்டுமா?

ஓசூரில் இருக்கும் என் மகளுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள், இதைவிட என் போனிலேயே நன்றாக வருகிறது என்றாள். சொன்னதோடு நிற்காமல் மூன்று மாடல்களை அனுப்பியும் வைத்தாள். நானும் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பழையதைத் துடைத்து, உறையில் போட்டு, ஹால் மேஜை மேல் வைத்திருந்தேன்.

காலையில் பால் ஊற்ற வந்த பச்சியம்மாள் அதைப் பார்த்தார்.

"இந்தக் கேமராவெ இன்னுமா வெச்சிருக்கீங்க சார்? எங்க வூட்டுக்காரரெ முழுங்குன கேமரா ஆச்சுங்களே. தொலைச்சுத் தள்ளுங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் பால் பாத்திரத்தைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

பச்சியம்மாளின் கணவர் மாதையன். ஏரியை ஒட்டி அவருக்கு ஒன்றரை ஏக்கரும், ஒரு மோட்டார் ரூமும் இருந்தன. பறவை பார்க்க வரும் எனக்கு அந்த மோட்டார் ரூம் நிழல்தான் ஆபீஸ். ஒரு நாள் அவர் மண்வெட்டியை ஊன்றி நின்று, என்னையும் ஒன்று எடுங்கள் என்றார்.

"ஓட்டர் கார்டுல திருடனாட்டம் இருக்கறன் சார். நீங்க மனுசனாட்டம் ஒன்னு புடிச்சுக் குடுங்க."

தலைப்பாகையை அவிழ்க்க மாட்டேன் என்றார். புளியமரத்தின் கீழே நிற்க வைத்து ஒரே ஒரு படம் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை அதே ஏரியில் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்கு மேலே, வானத்தில் ஒரே இடத்தில் நின்று சிறகடித்துக்கொண்டிருந்தது. பறவைப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும் — அது அப்படி நிற்பது சில விநாடிகள்தான். பட்டனை அழுத்தினேன். கார்டு நிரம்பிவிட்டது என்று ஸ்கிரீன் சொன்னது.

ஏதாவது ஒன்றை அழிக்க வேண்டும். கார்டில் மங்கலான கொக்குப் படங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவற்றைத் தேடிப் பின்னால் போக வேண்டும். ஸ்கிரீனில் முதலில் வந்தது கடைசியாக எடுத்த படம். மாதையன் சிரித்துக்கொண்டு நின்றார்.

யோசிக்காமல் அழுத்தினேன் என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். இந்த ஆள் தினமும் இங்கேதானே இருக்கிறார், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்… அவ்வளவுதான் யோசனை. அழித்தேன். மீன்கொத்தி கிடைத்தது. அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினேன்.

நாளைக்கு எடுத்தேனா? இல்லை. படம் ஆச்சுங்களா என்று அவர் இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் என்று இரண்டு முறையும் சொன்னேன். இன்னொரு முறை நிற்கச் சொன்னால், முதல் படம் என்னவாயிற்று என்று சொல்ல வேண்டுமே? மூன்றாவது வாரம் வயலிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும் என்று அவருடைய மகன் வந்தான். கேமராவில் கோளாறு, கார்டு முழுவதும் போய்விட்டது என்றேன். ஒரு இயற்பியல் ஆசிரியன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்?

"பரவால்லைங்க சார். மிஷினுதானே. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பாவை இழந்தவன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் ஸ்டூடியோக்காரர்தான் வழி செய்தார். ஓட்டர் கார்டு முகத்தை எடுத்து, ஒரு நீலக் கோட்டுக்கும் சிவப்பு டைக்கும் மேலே பொருத்திக் கொடுத்தார். வாழ்நாளில் கோட்டு போடாத மாதையன், பதினோரு வருடங்களாகச் சுவரில் கோட்டோடு இருந்தார்.

என் பொய்யால் எனக்கு ஒரு சிறு வேலையும் வந்தது. கார்டு கெட்டது என்று சொல்லியாயிற்று. அதே கார்டோடு எப்படி ஊருக்குள் அலைவது? படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு புதுக் கார்டு வாங்கினேன். பழையதை மேஜை டிராயரில் போட்டேன். பிறகு அதைத் தொடவே இல்லை.

பச்சியம்மாள் பால் ஊற்றிவிட்டுப் போன அன்று அந்த டிராயரைத் திறந்தேன்.

தர்மபுரியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்றில் ஒரு பெண் இருந்தாள். அழித்த படத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். கார்டைப் போட்டு அரை மணி நேரம் பார்த்தாள்.

"அழிச்ச படத்து மேலயே ஒரு குருவிப் படம் உக்காந்திருக்குங்க சார். அதுல வெறும் வானந்தான், அதனால ஃபைலு சின்னது. கீழ்ப்பாதி கொஞ்சம் மிச்சம் இருக்குது. ஆனா ஆரம்பம் இல்லாம படம் தொறக்காதுங்க. அந்தக் கேமரா இருக்குதுங்களா?"

அதே கேமராவில் ஒரு புதுப் படம் எடுத்துக் கொடுத்தால், அதன் ஆரம்பப் பகுதியை இதில் ஒட்டித் திறந்து பார்க்கலாமாம். கேமரா பையில்தான் இருந்தது. கார்டோடு சேர்த்து அதையும் எடுத்துப் போயிருந்தேன். எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால்? உள்ளங்கையால் தட்டினேன். லென்ஸ் வெளியே வந்தது. கடைச் சுவரில் இருந்த காலண்டரைப் படம் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் படம் வந்தது. மேலே பாதி வெறும் சாம்பல் நிறம். முகம் இல்லை, தலைப்பாகை இல்லை, சிரிப்பு இல்லை. கழுத்துக்குக் கீழே மாதையன் முழுசாக இருந்தார். கோடு போட்ட சட்டை. மண்வெட்டிக் காம்பின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கைகள்.

பிரிண்ட் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போது எனக்கு ஒரு நல்ல பொய் கிடைத்திருந்தது. கெட்டுப்போன கார்டை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்து சரி செய்து கொண்டுவந்தேன் என்று சொன்னால் போதும். நம்புவார்கள். கும்பிடக்கூடச் செய்வார்கள். காரிமங்கலத்தில் இறங்கும்வரை அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

பச்சியம்மாள் தன் வீட்டுத் திண்ணையில் பிரிண்டை வாங்கினார். கைகள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கட்டவெரலுதான் சார்… மோட்டார் பெல்ட்டுல மாட்டி நகம் பொளந்தது." பிறகு நிமிர்ந்து, "கெட்டுப்போனதெ இத்தினி வருசம் கழிச்சும் பாடுபட்டு எடுத்தாந்திருக்கீங்களே" என்றார்.

நான் தயாரித்து வைத்திருந்த பொய்யை அவரே சொல்லிவிட்டார். தலையாட்டினால் போதும்.

"கேமரா கெடலைங்க பச்சியம்மா. நான்தான் அழிச்சேன். ஒரு குருவியைப் படம் எடுக்கறதுக்காக."

அவர் பிரிண்டிலிருந்து விரலை எடுத்தார். பிறகு கேட்டார்.

"உங்க வூட்டு ஹால்ல மாட்டியிருக்கே, அந்தக் குருவிங்களா?"

ஆமாம் என்றேன். தினமும் பால் ஊற்றும்போது அதைப் பார்த்தவர். நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லவும் செய்தவர்.

"காபி வெக்கலாம்னு இருந்தேன்" என்றார். வைக்கவில்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பாலை அவருடைய மருமகள் கொண்டுவந்து ஊற்றினாள். மீன்கொத்தியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். சுவரில் ஒரு வெளிர்ச் சதுரம் இருக்கிறது. ஸ்டூடியோவில் கோட்டை எடுத்துவிட்டு, மாதையனின் சொந்தச் சட்டையையும் கையையும் சேர்த்துப் புதுப் படம் செய்திருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். கழுத்து மட்டும் கொஞ்சம் ஒட்டவில்லையாம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பச்சியம்மாளே வந்தார். பால் சொம்பு இல்லை. நல்ல புடவை, தலையில் பூ இல்லாத ஒரு கொண்டை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்தக் கேமரா இன்னும் வேலை செய்யுதுங்களா?"

"தட்டினா செய்யும்."

"அப்ப என்னெ ஒன்னு புடிங்க. இல்லாட்டி எனக்கும் கோட்டு மாட்டி வுட்டுருவானுங்க."

வாசலில் நிற்க வைத்து எடுத்தேன். இரண்டு தட்டு தட்ட வேண்டியிருந்தது. நாளைக்குப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று வாய் வரை வந்தது. அவர் கையை நீட்டினார்.

"கேமராவெ இப்படிக் குடுங்க சார். பஸ்ஸு இருக்குது, போலாம்."

தர்மபுரி வரை அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கடையில் பிரிண்ட் வந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பையில் வைத்து, பையின் ஜிப்பை இழுத்த பிறகுதான் கேமராவை என்னிடம் தந்தார்.