உபதேசியார் சாகக் கிடந்த சனிக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலம் வந்தால் நோட்டும் பேனாவுமாக உட்காருவேன். உடனே அடுத்த வீட்டு அக்காளின் முகம் நினைவுக்கு வரும். மூடி வைத்துவிடுவேன். அந்த அக்காள் எங்கள் அன்பியத்தின் தலைவி. அன்பியம் என்றால் பங்கில், அதாவது எங்கள் கோயில் வட்டத்தில், முப்பது வீட்டுக்காரர்கள் ஒன்றாகக் கூடிச் செபிக்கிற குழு. அவர்கள் எனக்காக ஒரு நன்றிப் பூசையே ஒப்புக்கொடுத்தவர்கள். சாகக் கிடந்த என்னை ஆண்டவர் எழுப்பிவிட்டதற்கு நன்றி. உள்ளதைச் சொன்னால், அன்றைக்கு நான் சாகக் கிடக்கவில்லை. மேசையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சவூதியில் பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து, இராஜாக்கமங்கலம் பக்கம் ஐஸ் பிளாண்டில் வேலைக்குச் சேர்ந்தேன். மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றுகிற வேலை. காலையில் பூசை, மாலையில் செபமாலை, நடுவில் ஐஸ்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில் மகளைக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு அருமனைப் பக்கம் வீடு. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. குடியில்லை, புகையில்லை, மகளைப் பொன்போலப் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு குறைதான். அவர் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை.

இதில் அவர் கைதேர்ந்தவராக இருந்தார். “சாப்பிட்டாச்சா?” என்பார், சுவர்க் காலண்டரைப் பார்த்து. “போயிட்டு வரவா?” என்பார், மின்விசிறியைப் பார்த்து. ஒருநாள் நான் வீட்டுக்குப் பின்னால் தென்னைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். என் போன் வீட்டுக்குள் அடிக்கிறது. வாசலில் நின்று ‘மாமா, போன்’ என்று ஒரு சத்தம் கொடுத்தால் தீர்ந்தது. அவர் செருப்பை மாட்டி, வீட்டைச் சுற்றி, சேற்றில் இறங்கி, என் முன்னால் வந்து நின்று, தென்னையைப் பார்த்து, “போன் வந்திருக்கு” என்றார். தென்னைக்குத்தான் வந்திருக்கிறதோ என்று நானும் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். போய் எடுப்பதற்குள் அது ஓய்ந்துவிட்டது.

“மருமவனுக்கு வாயில நாக்கு இருக்கான்னு பாத்துதான் கெட்டிக் கொடுத்தியளா?” என்று என் மனைவி கேட்பாள்.

“அவரு சின்னதுலயே அப்படித்தான்பா. யார்ட்டயும் மிண்டமாட்டாரு. பைய வரும்” என்பாள் மகள்.

பைய வரட்டும் என்று ஒன்றரை வருடம் காத்திருந்தேன். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் மாமா என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், அவர் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில்தான் நிற்கிறார் என்று எனக்குத் தோன்றும். செபமாலையில் ஒரு பத்துமணியை இதற்காகவே தனியாக ஒப்புக்கொடுத்து வந்தேன்.

ஏழாம் மாதத்தில் மகளைப் பேறுகாலத்துக்கு அழைத்து வந்தோம். மாப்பிள்ளை சனிக்கிழமை தோறும் லேப்டாப்போடு வந்துவிடுவார். அவர் பார்க்கிறதை நானும் பார்த்தால் பேச்சு வருமென்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஜப்பான்காரன் வரைந்த படம். கார்ட்டூன் என்று சொல்லக்கூடாது, அவர் முகம் வாடும். அனிமே என்று சொல்லவேண்டும்.

அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண் எல்லாம் ஏத்தம்பழ பஜ்ஜி அளவு. ஏன் என்று கேட்டேன், மாப்பிள்ளை காலண்டரிடம் ஏதோ விளக்கினார். அடிக்கப்போகிறவன் எந்த அடி அடிக்கப்போகிறான் என்று அதன் பெயரை முழுசாகக் கூவிவிட்டு அடிக்கிறான். எங்கள் கடற்கரையில் அப்படிச் செய்தால் பாதிப் பெயர் சொல்வதற்குள் பல் போய்விடும். குத்துப்பட்டவன் ரத்தம் ஒழுக ஒழுக நின்று தன் சிறுவயதுக் கதையைச் சொல்கிறான், எதிரியும் பொறுமையாகக் கேட்கிறான். அது எனக்குப் பிடித்தது. எதிரிக்கு அந்த மட்டும் மரியாதை இருக்கிறதே. அதைவிடப் பிடித்தது, சாப்பாட்டின் முன்னால் அவர்கள் கைகூப்பி ஒரு வார்த்தை சொல்வது. எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முன்னால் வந்தால் சிலுவை வரையக்கூடப் பலபேருக்குக் கை வராது. “அந்தப் பிள்ளைகளைப் பாத்துப் படி” என்று மனைவியிடம் சொன்னேன். “பச்சை மயிரு வச்ச பிள்ளையள்ட்டயா நான் படிக்கணும்?” என்றாள்.

இப்படி நாலு வாரம் பார்த்தேன். அவர் வாயில் மாமா வரவில்லை.

பிறகுதான் மகள் ரகசியமாகச் சொன்னாள். திருவனந்தபுரத்தில் அவருக்கு நாலு கூட்டாளிகள் உண்டு, சனிக்கிழமை கூடி ஒரு விளையாட்டு விளையாடுவார்கள், இங்கே வருவதால் அது நின்றுபோயிற்று, அதில்தான் ஆள் வாடிக்கிடக்கிறார் என்று. “நாமளே விளையாடுவோம்பா. ஆள் வேஷம் கட்டுறதுதான். வேஷம் வாயில மட்டும்.”

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக நுழைந்து, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லவேண்டும். சொன்னது நடக்குமா நடக்காதா என்று பகடை போட்டுப் பார்க்கவேண்டும். நீலநிறப் பகடை, நெல்லிக்காய் அளவு, இருபது முகம். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் கெடும்.

பகடை என்றதும் எனக்குக் கை கூசியது. சிலுவையடியில் சேவகர்கள் ஆண்டவருடைய அங்கிக்குச் சீட்டுப் போட்டார்களே. இரண்டு நாள் யோசித்தேன். யூதாசுடைய இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்களும் சீட்டுத்தான் போட்டார்கள் என்பது ஞாபகம் வந்தது. இது இரண்டாவது வகை என்று தீர்மானித்து, யாருக்கும் தெரியாமல் பகடைமேல் தீர்த்தம் தெளித்தேன். அன்றிலிருந்து எனக்கு மூன்றுக்கு மேல் விழவில்லை. மனைவியிடம் சொன்னபோது, “தீர்த்தம் பட்டா கள்ளம் காட்டாது. உம்ம யோக்கியதை என்னவோ அதுதான் விழுது” என்றாள்.

மாப்பிள்ளை காகிதம் கொடுத்து, யாராக வரப்போகிறோம் என்று கேட்டார். எனக்குப் பூசாரி வேஷம் வைத்திருந்தார். அதற்கு அந்தக் கதையிலுள்ள ஒரு தேவனை வேண்டவேண்டுமாம். “பொய்த் தேவனைக் கும்பிட விளையாட்டுக்கும் எனக்கு நாக்கு எழும்பாது. உபதேசியாரா வாறேன்” என்றேன். பங்கில் பூசை வைக்கிற சாமியாருக்கு உதவியாகச் செபம் சொல்லிக் கொடுக்கிறவர்தான் உபதேசியார். மாப்பிள்ளை பூசாரியை அடித்துவிட்டு, “உபதேசியார். ஆயுதம்: கைமணி” என்று எழுதினார். கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த மகள் வில்லுக்காரி. “எனக்கு மந்திரமும் வேண்டாம் மாயமும் வேண்டாம். நான் மீன்காரி” என்றாள் மனைவி.

கதை சொல்லத் தொடங்கியதும்தான் எனக்கு அதிசயம். மிண்டாத மாப்பிள்ளை ராஜாவாகப் பேசுகிறார், கிழவியாகப் பேசுகிறார், குகை வாசலை மறித்து நிற்கிற அரக்கனாகப் பேசுகிறார். “ஒருத்தரை எனக்குத் தின்னத் தந்தாத்தான் வழி விடுவேன்!” என்று வீடு அதிரக் கத்தினார்.

“மனுசன எப்படித் திம்ப? கொழம்பு வப்பியா, பொரிப்பியா?” என்று கேட்டாள் மனைவி.

அரக்கன் திகைத்தான். “கொழம்பு.”

“புளி இருக்கா?”

“இல்ல.”

“ஏலே, வீட்டுல புளி இல்லாம என்னத்துக்குலே மனுசன் பிடிக்க? போய்ப் புளி வாங்கிட்டு வா.”

பகடை போட்டாள். பதினெட்டு. அரக்கன் புளி வாங்கப் போய்விட்டான். நாங்கள் உள்ளே நுழைந்தோம்.

கதைக்குள் இருக்கும்போது மாப்பிள்ளை என்னை நேருக்கு நேர் பார்த்து, “உபதேசியாரே, என்ன செய்யப் போறீரு?” என்று கேட்பார். வாய் நிறையக் கூப்பிடுவார். காகிதத்தை மடித்ததும் மறுபடி காலண்டர்தான். இருந்தாலும் பாதி வழி வந்துவிட்டோம் என்று நினைத்து வாரா வாரம் விளையாடினேன்.

ஆறாவது சனிக்கிழமை. பகலிலேயே மழை கொட்டியது. கதையில் நாங்கள் ஒரு பள்ளத்தைக் கடக்க வேண்டும். நடுவில் ஐஸ் பாலம். “பாலம் என்ன நிறம்?” என்று கேட்டேன். “வெள்ளை” என்றார் மாப்பிள்ளை. “அப்படின்னா உள்ள காத்து இருக்கு. கண்ணாடி மாதிரி தெளிஞ்சு இருந்தாத்தான் ஐஸ் சுமை தாங்கும். இது தாங்காது.” என் ஐஸ் பிளாண்ட் அறிவுக்கு முன்னால் அவர் விதிப்புத்தகம் நிற்கவில்லை. ஒருவர் இந்தக் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற இருவரும் கடக்கலாம் என்று முடிவு சொன்னார். யார் பிடிப்பது? மகள் எட்டரை மாதக்காரி. நான் பிடித்தேன்.

வில்லுக்காரி கடந்தாள். மீன்காரி கடந்தாள். பின்னால் அரக்கன் புளியோடு வந்து என்னைப் பாலத்தின்மேல் தள்ளினான். பகடை போட்டேன். ஒன்று. பாலம் உடைந்து, உபதேசியார் கயிற்றில் ஒற்றைக் கையால் தொங்குகிறார்.

மாப்பிள்ளையின் சத்தம் தாழ்ந்துவிட்டது. “உபதேசியாருக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான்.”

“போடுறதுக்கு முன்ன ஒரு சாமியாரை வரச்சொல்லும். பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்” என்றேன்.

“இந்தக் குகையில சாமியார் கிடையாது.”

“அப்படின்னா உத்தம மனஸ்தாபம் சொல்லித்தான் ஆகணும்.”

“சீக்கிரம் சொல்லிட்டுச் சாவும், கறி அடுப்புல கெடக்கு” என்றாள் மனைவி.

நான் எழுந்து, மூலையிலிருந்த மாதா சுரூபத்தின் முன்னால் முழந்தாளிட்டேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன், சத்தியம். ஆனால் சாகப் போகிறவன் தன் பாவங்களுக்கு வருந்திச் சொல்லுகிற மந்திரம் அது. பாதியில் என் சொந்தப் பாவமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. சத்தம் கூடிப்போயிற்று. அழுகை வந்துவிட்டது. முடித்து, உபதேசியாருடைய முறைப்படி சுரூபத்தடியில் இருந்த கைமணியையும் எடுத்து ஆட்டினேன். பிறகு பகடையை எறிந்தேன். அது துள்ளிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது.

அப்போதுதான் மாப்பிள்ளை நாற்காலி சரிய எழும்பி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கத்தினார்: “மாமா! கைய விட்டுராதீங்க மாமா!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி கரண்டியோடு நின்றாள். மாப்பிள்ளைக்குக் காதுவரை சிவந்துவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து இன்னும் அழுதுகொண்டிருந்தேன், இப்போது வேறு காரணத்துக்கு.

அடுத்த வீட்டு அக்காளுக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: உத்தம மனஸ்தாபம், அழுகை, மணி, மருமகனின் அலறல். எங்கள் ஊரில் எவரும் இதை வேறு விதமாக எடுத்துக்கொள்ள முடியாது. பத்து நிமிடத்தில் குடையும் செபமாலையுமாகப் பதினைந்து பேர் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

“தம்பிக்குச் சீவன் இருக்கா?” என்றாள் அக்காள்.

“எனக்கு ஒண்ணுமில்லக்கா. சும்மா ஒரு விளையாட்டு...”

“கடைசி நேரத்துல இப்படித்தான் தெளிவு வரும். ஏட்டி, அந்தக் கட்டில ஒழிச்சுக் கொடு!”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். மழையில் நனைந்து வந்தவர்களிடம் எப்படி விளக்குவது? நான் படுத்துக்கொண்டேன். என் கையில் மந்திரித்த மெழுகுதிரியை வைத்தார்கள். படுத்தபடி பிடித்ததில் திரி சரிந்ததால் மாப்பிள்ளை சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிரார்த்தனை முழுவதும் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நடுவில் அவர் குனிந்து காதில், “மாமா, சிரிச்சிராதீங்க” என்றார். அது இரண்டாவது தடவை.

முடிந்து எழும்பும்போது அக்காள் கட்டிலோரம் எதையோ மிதித்து, “அம்மோ!” என்று குதித்தாள். பகடை. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுடைய வீட்டுக்காரருக்கு முந்தின வருடம் மூத்திரக் கல் அடைத்து, அவர் கத்திய கத்து ஊரைக் கூட்டியிருந்தது. “இதுதானா விசயம்! இவ்வளவு பெரிய கல்லு வெளிய வந்தா யாருதான் கத்தமாட்டா?” என்று எல்லாருக்கும் காட்டினாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் வேறு கவலை. “அக்கா, நீங்க மிதிக்கும்போது மேல என்ன நம்பர் இருந்தது?” என்று கேட்டார். “அய்யோ பாவம், பிள்ளைக்குப் பயத்துல புத்தி கலங்கிட்டு” என்றாள் அக்காள். எண் தெரியாததால் உபதேசியார் செத்தாரா பிழைத்தாரா என்று சொல்ல விதியில்லையாம். அவர் இன்றுவரைக்கும் அந்தரத்தில் தொங்குகிறார்.

நன்றிப் பூசை அறிவிப்புக் கேட்டதும் பங்குச் சாமியாரிடம் ஓடினேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்த மனஸ்தாபம் மெய்யா, நடிப்பா?” என்று கேட்டார்.

“பாதிக்கு மேல மெய்தான் சாமி.”

“அப்படின்னா பூசைக்கு வந்து முன்வரிசையில இரும்.”

இருந்தேன்.

இந்த ஏழு வருடத்தில் அந்தச் சனிக்கிழமையைப் பல விதமாகக் கேட்டுவிட்டேன். நான் மூன்று மணிநேரம் செத்துக் கிடந்து எழும்பினேனாம். கல்லில் எண் இருந்தது ஆஸ்பத்திரியில் போட்ட அடையாளமாம். சிதறாலிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, தமக்கும் கல் உண்டு, அந்தக் கல்லை வயிற்றில் வைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். சாயா கொடுத்து, டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். போகும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, நீலப் பகடையை ஒருதடவை தொட்டுவிட்டுத்தான் போனார்.

மெழுகுதிரி எல்லார் கதையிலும் இருக்கிறது. மணி இருக்கிறது. கல் ஆளுக்கு ஆள் பெரிதாகிக்கொண்டே போகிறது. மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டது மட்டும் எவர் வாயிலும் இல்லை. அக்காளிடமே கேட்டேன். “மருமவன் மாமான்னு கூப்பிடுறதுல என்ன தம்பி அதிசயம் இருக்கு?” என்றாள்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். யாரிடமாவது சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் இங்கே உள்ளபடியே சொல்லுங்கள். கல்லைப் பெரிதாக்க வேண்டாம். என்னைச் சாகடிக்க வேண்டாம். நேரம் இல்லாமல் எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் பாலத்தை விடுங்கள், அரக்கனை விடுங்கள், அந்த மாமாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு தடவை.