குறைத்து ஊற்றிய பால்

தோள்பட்டை அறுவை சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அழுதேன். வலியால் அல்ல. என் பையை என்னால் தூக்க முடியவில்லை.

உட்லண்ட்ஸில் ஒரு நிறுவனத்தில் நெட்வொர்க் இன்ஜினியராக இருக்கிறேன். வாடிக்கையாளர் இடங்களுக்கு நேரில் போய்க் கோளாறுகளைச் சரிசெய்ய வேண்டும். மார்ச் மாத மழையில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து, வலது தோளின் தசைநார் கிழிந்தது. மருத்துவர் ஒரே ஒரு கணக்குதான் சொன்னார். ஆறு மாதம், ஒரு கிலோ. அதற்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

அலுவலக லேப்டாப் சார்ஜரோடு சேர்த்து இரண்டு கிலோ எண்ணூறு கிராம். எடை போட்டுப் பார்த்தேன். எதையும் அளந்து நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம்.

வேலை நிரந்தரமாவதற்கு இரண்டு மாதம் இருந்தது. மேலாளர் பாஸ்கரனிடம் மருத்துவர் கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் தமிழர்தான். படிக்காமலே மேசை டிராயரில் போட்டார்.

"ட்ரயலுக்கு ஒரு லைட் மாடல் லேப்டாப் வந்திருக்கு. நிறை குறை எழுதிக் குடு. அப்புறம் பாக்கலாம் மா."

மூன்று நாள் பயன்படுத்திப் பார்த்து எழுதினேன். முதல் நிறை, அதன் எடை. தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம். என் ஒரு கிலோவுக்குள் பத்து கிராம் மிச்சம். பேட்டரி ஒரு முழு வேலைநாள் தாங்கியது. வெயிலில் நின்றாலும் திரை தெரிந்தது. குறைகளையும் மறைக்கவில்லை. இணைப்புத் துளைகள் இரண்டே இரண்டு. நெட்வொர்க் கேபிள் செருக இடமே இல்லை. அதற்கு அடாப்டர் எனப்படும் ஒரு மாற்றியைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். மெமரி பலகையோடு ஒட்டியே வருவதால் பின்னால் கூட்ட முடியாது. வேலை கூடினால் விசைப்பலகை சுடும். அதன்மேல் ஏதாவது கொட்டினால் நேராக உள்ளே இறங்கிவிடும், தடுப்பு இல்லை. இத்தனைக்குப் பிறகும், என் வேலைக்கு இது போதும் என்று முடித்தேன்.

பாஸ்கரன் இரண்டு முறை படித்தார்.

"சூப்பரா எழுதியிருக்க. படிக்கப் படிக்க ஆசையா இருக்கு லா. நானே வச்சுக்கிறேன்."

சிரித்தார். அறையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். அவர் மேசையை விட்டு வெளியே போகிறவர் அல்லர்.

நான் பழைய லேப்டாப்பைச் சக்கரப் பெட்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனேன். படிக்கட்டு வரும் இடங்களில் முன்பின் தெரியாதவர்களைக் கெஞ்சினேன். மின்தூக்கி இல்லாத இடங்களுக்கே என்னை அனுப்பினார்கள். இரவில் தோள் எரிந்தது.

கை குணமாக வேண்டும் என்று என் அம்மா ஆடி மாதத்தில் அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்திருந்தார். குடத்தில் பால் நிரப்பினால் இரண்டு கிலோ. அதனால் தேக்கா கடைத்தெருவில் சிறிய எவர்சில்வர் செம்பு ஒன்று வாங்கினேன். சமையலறைத் தராசில் வைத்தேன். செம்பு முந்நூற்றுப் பத்து. மூடித் துணி இருபது. பால் ஐந்நூற்று நாற்பதோடு நிறுத்தினேன். மொத்தம் எண்ணூற்று எழுபது. தேதி போட்டு எழுதினேன்.

அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமிக்கு எடுக்கிற பாலைத் தராசுல வைக்கிறியே, நீ பொம்பளையா டி? அவ உனக்கு அளந்தா குடுத்தா?"

"டாக்டர் அளந்துதாம்மா குடுத்தாரு."

"அப்ப டாக்டருக்கே ஊத்து."

அன்று கோயிலுக்கு அவர் எனக்குப் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

வரிசையில் இரண்டு மணி நேரம். செம்பு தலையில், இடது கையால் பிடித்திருந்தேன். சன்னதி நெருங்கியபோது கூட்டம் நெருக்கியது. வலது கையையும் மேலே கொண்டுபோனேன். அம்மன் முன்னால் நின்றதும் தோளை மறந்துவிட்டேன். நான் கேட்டது இதுதான். "தாயே, உனக்குக் குறைத்து ஊற்றினேன், மன்னித்துவிடு. எனக்கு அந்தத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம் வேண்டும்." வேறு வேண்டுதல் வரவில்லை.

திங்கட்கிழமை காலை என் மேசையில் ஒரு லிட்டர் பால் அட்டைப்பெட்டி இருந்தது. பாஸ்கரன் குடும்பத்தோடு அதே கோயிலுக்கு வந்திருக்கிறார். இரண்டு கைகளும் தலைக்கு மேல் இருக்க நான் நிற்கும் படம் அவர் கைப்பேசியில் இருந்தது. எல்லோருக்கும் காட்டினார்.

"சாமிக்குன்னா கை தூக்குது. கம்பெனிக்குன்னா தூக்கல. என்ன மா கணக்கு இது?"

"சார், அது ஒரு கிலோவுக்குக் கீழ."

"இதுவும் ஒரு லிட்டர் தான் லா. என் டேபிளுக்கு எடுத்துட்டு வா. வலது கை."

"ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்கு மேல, சார்."

"தூக்கலன்னா இன்னைக்கே எச்ஆருக்கு எழுதுறேன். பொய் சொல்லி லீவு எடுத்தவள்னு."

சக ஊழியர் ஒருவர் பெட்டியின் மூடியைத் திருகித் திறந்தே கொடுத்தார், வேடிக்கைக்காக. தூக்கினேன். ஏழெட்டு அடி நடந்தேன். அவர் மேசைக்கு மேலே கை நீட்டியபோது, தோளுக்குள் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டது. விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன.

பால் முழுவதும் அந்த மெல்லிய லேப்டாப்பின் மேல் விழுந்தது. விசைகளுக்கு இடையே இறங்கியது. திரை ஒருமுறை மின்னி அணைந்தது. நான் எழுதிய கடைசிக் குறை.

தரையில் உட்கார்ந்து வலியில் துடித்தேன். ஆனாலும் அந்த நொடி எனக்குள் ஒரு மகிழ்ச்சி வந்தது. அதை மறைத்தால் அம்மனைப் பற்றி நான் சொல்லும் இது சாட்சியாகாது.

நிறுவனச் சொத்து சேதமானால் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். ஒருவர் கை கிழிந்தால்கூட அவ்வளவு வேகமாக வந்திருப்பார்களா என்று தெரியாது. மனிதவளப் பிரிவின் நோராய்னி அக்கா மறுநாளே வந்தார். பாஸ்கரன் படத்தைக் காட்டினார். நான் இடது கையால் நோட்டை நீட்டினேன். எண்ணூற்று எழுபது கிராம், தேதியோடு. எதிர்ப்பக்கத்தில் லேப்டாப்பின் நிறை குறை. பாஸ்கரனின் டிராயரில் மருத்துவர் கடிதம் மடிப்புக் கலையாமல் கிடந்தது. தமிழ் தெரியாத நோராய்னி அக்கா எண்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். எண்களே போதுமாக இருந்தன.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். அவர் அந்தச் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நிறைய ஊத்தியிருந்தா நீ மாட்டியிருப்ப டி" என்றார்.

மறுபடி அறுவை சிகிச்சை. இன்னும் ஆறு மாதம், அதே ஒரு கிலோ. அம்மன் கொடுத்தாள், ஆனால் இலவசமாகக் கொடுக்கவில்லை. வேலை நிரந்தரமானது. அதே மாடல், புதியது, என் பெயருக்கு வந்தது. சுவா சூ காங்கில் ஒரு வாடிக்கையாளர் இடத்தில், முதல் நாளே அந்தக் கேபிள் மாற்றியை மறந்து வந்து அசடு வழிந்தேன். எழுதிய குறையை எழுதியவளே மறந்தேன். விசாரணைக்குப் பிறகு பாஸ்கரன் இப்போது வேறு பிரிவில், வெளிவேலையில் இருக்கிறார். என் பழைய லேப்டாப் அவர் தோளில் தொங்குகிறது. மின்தூக்கியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறேன். ஒருவர் விழ வேண்டும் என்று நான் வேண்டியதில்லை. விழும்போது சிரிக்காமல் இருக்கப் பழகுகிறேன்.

அன்பான அடியார்களே, குடம் நிறையவில்லையே என்று வீட்டிலேயே நின்றுவிடாதீர்கள். எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். அதன் எடையை மறைக்காமல் அவளிடம் சொல்லுங்கள். வரும் ஆடியிலும் நான் போவேன். எவ்வளவு பால் என்பதை மருத்துவர் சொல்லட்டும். தராசு என்னோடு இருக்கும்.