அண்ணாச்சி சுரண்டிப் பார்த்த சிப்பு

காந்திமதிநாதன் அண்ணாச்சி குற்றாலத்தில் மங்குஸ்தான் வாங்கினால், ஒவ்வொரு பழத்தையும் கவிழ்த்து அடியில் இருக்கும் இதழை எண்ணுவார். எத்தனை இதழோ அத்தனை சுளை. அப்புறமும் நம்பாமல் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுவார். தென்காசியில் அவர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் பதினோரு வருஷம் டீச்சர். ஒருநாளும் சாவியை என் கையில் கொடுத்ததில்லை. அவர் காய்ச்சலில் படுத்தால் இன்ஸ்டிடியூட்டும் படுத்துவிடும்.

எண்பத்தொன்பதில் எதிர்வரிசையில் கைலாசம் என்பவர் ‘கம்ப்யூட்டர் சென்டர்’ என்று போர்டு மாட்டினார். மெஷின் வரவில்லை, போர்டு மட்டும்தான். அதற்கே எங்களிடம் டைப் படித்த பிள்ளைகளில் பாதிப் பேர் விஜயதசமிக்கு அங்கே சேரப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அதற்குள் எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வராவிட்டால் இன்ஸ்டிடியூட்டைச் சாத்த வேண்டியதுதான். என் பிழைப்பும் அதோடு போகும்.

அண்ணாச்சி மூன்று மாதம் விசாரித்தார். கம்ப்யூட்டருக்கு மூளை உள்ளே இருக்கிற சிப்பு, அது இன்டெல் கம்பெனியுடையதாகப் பார்த்து வாங்கு என்று செங்கோட்டையில் யாரோ சொல்லியிருந்தார்கள். மதுரை வியாபாரி செல்லப்பா ஒருவழியாக மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். நான் ‘ரெபேக்காள்’ என்று என் பெயரை இங்கிலீஷில் அடித்தேன். திரையில் வந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“மூடியத் தொறவும்வே” என்றார் அண்ணாச்சி, செல்லப்பாவிடம்.

திறந்தால், சிப்பின் மேல் இன்டெல் இல்லை, ஏ.எம்.டி. என்று வேறொரு கம்பெனியின் பெயர் போட்டிருந்தது.

“ரெண்டு கம்பெனியும் செய்றது ஒரே சிப்புதான் சார்” என்றார் செல்லப்பா. “ஒருத்தனை மட்டும் நம்பி சிப்பு வாங்க மாட்டோம்னு கம்ப்யூட்டர் செய்ற பெரிய கம்பெனிக்காரன் சொல்லிட்டான். அதனால இன்டெல்லே இவங்களுக்குச் செய்முறையைக் கொடுத்துச்சு.”

“போட்டிக் கடைக்காரனுக்கு எவனாவது கைப்பக்குவத்தச் சொல்லிக் குடுப்பானா? யாருக்குவே காது குத்துதீரு?”

போலி எழுத்தா என்று பார்க்கச் சவர பிளேடால் சிப்பைச் சுரண்டினார். எழுத்து போகவில்லை. ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தது.

“அழியாத மாதிரி அடிச்சிருக்கான். அப்ப இவன் பெரிய களவாணி” என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, அதான் ஓடுதுல்லா. விஜயதசமிக்கு நாலு நாள்தான் கெடக்கு.”

“நீங்க எதுக்கு டீச்சர் அவனுக்குப் பரிஞ்சு பேசுதீய? கைலாசம் சொல்லிக் குடுத்தானா?”

கைலாசத்தோடு நான் ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு இதுதான் மரியாதையா?

மெஷினைத் திருப்பி அனுப்பினார். செல்லப்பா அதைத் தெருவைத் தாண்டிக் கைலாசத்திடம் இறக்கிவிட்டுப் போனார். மெஷின் வந்த கைலாசத்துக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மறுநாள் என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார். போனேன். முதல் வேலையாக ஒரு சாவியை என் கையில் கொடுத்தார்.

விஜயதசமியன்று அண்ணாச்சி அந்த வாசலில் வந்து நின்றார். உள்ளே எங்கள் பழைய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“அது ஓடுதா?”

“ஓடுது அண்ணாச்சி.”

திரையை எட்டிப் பார்த்தார். “அப்பமே கைலாசங்கூடப் பேசி வச்சிருந்தீய, என்ன?”

“இல்ல அண்ணாச்சி. இங்கன வரலாம்னே, கைலாசம் சொல்லிக் குடுத்தானான்னு நீங்க கேட்ட பொறவுதான் எனக்குத் தோணுச்சு.”

அவர் அதையும் நம்பவில்லை.