வள்ளியின் அம்மாவுக்கு ஒரே வசனம்

நான் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தேன். ரைட்டர் அய்யா சரிவுக்குள் இறங்கி வந்தார். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற அவர் எப்போதும் மேலே ரோட்டில் நின்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு என் நிரை வரைக்கும் வந்துவிட்டார்.

"பையை அவுத்து வெச்சுட்டு வாங்கம்மா. பாப்பாவுக்கு லாட்ஜுல மயக்கம் வந்துருச்சாமா. சேலத்துக்குக் கொண்டு போறாங்க" என்றார்.

அவர் அதுவரை என்னை 'வாங்க' என்று சொன்னதில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, பாப்பாவோடு லாட்ஜில் வேலை பார்க்கிற நிர்மலா போன் செய்தாள். அவர்கள் போன வண்டி அடிவாரம் வருவதற்கு முன்பே என் மகள் கோகிலா போய்விட்டாள். அவளுக்கு இருபத்தாறு வயது.

இதை யாருக்கு எழுதுகிறேன் என்றால், அவள் செய்த 'பனிக்காடு' கம்ப்யூட்டர் விளையாட்டின் டெமோவை விளையாடிப் பார்த்து, நெட்டில் அதற்குக் கீழே நல்லது கெட்டது எழுதினவர்களுக்கு. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதினதை எல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நோட்டில் எழுதிக் கொடுத்தேன். நிர்மலா டைப் அடித்தாள். பிழை இருந்தால் எழுதுங்கள். அவளுக்கு எழுதின மாதிரியே எழுதுங்கள்.

கோகிலா லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்தாள். ஆள் வராத நேரத்தில் அங்கேயும், வீட்டுக்கு வந்த பிறகும், பழைய லேப்டாப்பில் இந்த விளையாட்டைச் செய்தாள். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. எஸ்டேட்டில் வேலை செய்கிற வள்ளி, பனியில் காணாமல் போன அக்காவைத் தேடிப் போகிறாள். விளையாடுகிறவர்தான் வள்ளி. நடக்க வேண்டும், பழம் பறிக்க வேண்டும், ஆட்களிடம் பேச வேண்டும், என்ன பதில் சொல்வது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டெமோ என்றால் முழுசு இல்லை, முதல் துண்டு மட்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

முதன்முதலில் விளையாடினது நான்தான். எந்த பட்டனை அமுக்க வேண்டும் என்று என் விரலைப் பிடித்து வைத்தாள். நான் ஒரு செடியின் பக்கத்தில் போய் அமுக்கினேன். கொப்பு முழுவதும் ஒரே அடியாகப் பையில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, ஒரு கொப்புல எல்லாம் ஒண்ணாப் பழுக்குமா? பச்சைக் காயும் கெடக்குமல்ல?"

"அதெல்லாம் யாருங்கம்மா பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கறனல்ல. காயைப் பறிச்சா ரைட்டர் சும்மா உடுவாரா?"

"என்ன சொல்லி வைவாருங்க?"

சொன்னேன். "அப்படியேவா?" என்று கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வந்து ஒவ்வொரு கொப்பாகப் படம் எடுத்தாள். மறுபடியும் முதலில் இருந்து செய்தாள். இப்போது வள்ளி பச்சைக் காயைப் பறித்தால் ரைட்டர் வந்து திட்டுகிறாரே, அது நான் சொல்லிக் கொடுத்த திட்டு. நீங்கள் அதை நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தகர ஷீட்டில் மழை விழுகிற சத்தமும் நிசமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது எங்கள் வீட்டு ஷீட். கவனித்துக் கேட்டால் நடுவில் என் இருமல் கேட்கும்.

குறைகளும் எழுதியிருந்தீர்கள். காட்டெருமை பாதி உடம்பு சுவருக்குள் போய் நின்றுவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் இருக்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே முகம். வள்ளிக்கு ரொம்பச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, நாலு படி ஏறினால் நின்றுவிடுகிறாள், விளையாடவே கடுப்பாக இருக்கிறது என்று நிறையப் பேர். அப்புறம் வள்ளியின் அம்மா. என்ன பேசினாலும் ஒரே வசனம்தான் சொல்கிறாள்: "சொட்டர் போட்டுக்க கண்ணு, பனி எறங்குது." ஸ்வெட்டரைத்தான் நாங்கள் சொட்டர் என்போம். அக்காவைக் காணோம் என்று அழுதாலும் சொட்டர். காட்டெருமை முட்டி ரத்தத்தோடு வந்தாலும் சொட்டர். ஒருத்தர், 'இந்த அம்மா சொட்டர் கடை வைத்திருக்கிறாரா' என்று கேட்டிருந்தார். அதை வாசித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தக் குரல் என்னுடையது. அவள் ஒரு காலையில் போனை நீட்டி, "தினமும் சொல்றதைச் சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன்.

குறை எழுதினவர்கள் மேல் அவளுக்குக் கோபமே வந்ததில்லை. "நல்லா இருக்குதுன்னு மட்டும் சொல்றவங்க பாதியிலயே உட்டுட்டுப் போனவங்க. குறை சொல்றவங்கதான் கடைசி வரைக்கும் வந்திருப்பாங்க" என்பாள். ஒரு நாள் என்னையும் கேட்டாள்.

"நீங்க கடைசி வரைக்கும் ஆடினீங்களாம்மா?"

"ஆடினேன் கண்ணு. நொம்ப நல்லா இருக்குது."

பொய். பாதிக்கு மேல் நான் போகவில்லை. பறிப்புக் காலம், உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அம்மாவுக்கு இன்னும் நாலு வசனம் வேணுங்க. நீங்களே சொன்னாத்தான் சரியா வரும்" என்றாள். பறிப்பு முடியட்டும் என்றேன்.

டெமோவைப் போடுவதற்கு முன்பிருந்தே அவளுக்கு மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. லாட்ஜிலிருந்து எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீட்டுக்கு நாற்பது படி ஏற வேண்டும். நடுவில் இரண்டு தடவை உட்காருவாள். ஒரு தடவை வாசலில் நின்று, "மூச்சு முடியலைங்கம்மா" என்றாள். மார்கழிப் பனி, நெஞ்சில் சளி கட்டியிருக்கும் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்து திரும்பாமலே, சொட்டர் போட்டுக்க கண்ணு என்றேன். அவளும் போட்டுக்கொண்டாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய் வெகு நாளாகிறது என்று டாக்டர் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு. ஆஸ்பத்திரியில் அவள் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். மேலாக அந்த பிரவுன் சொட்டர் இருந்தது. அன்றைக்கும் போட்டுக்கொண்டுதான் போயிருக்கிறாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நிர்மலாவை வரச் சொல்லி, லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். எனக்கு மூன்று நாள் ஆனது. வள்ளி நாலு படிக்கு ஒரு தடவை நின்றாள். நீங்கள் கடுப்பாக இருக்கிறது என்று எழுதின இடத்தில் நானும் அவளோடு நின்றேன். கடைசியில் வள்ளி வீட்டுக்கு வருகிறாள். அம்மா அடுப்பைப் பார்த்து நிற்கிறாள். வள்ளி என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று பதில் வருகிறது. மூன்றாவது, 'மூச்சு முடியலைங்கம்மா.'

அதை அமுக்கினேன். என் குரல் வந்தது.

என் மேல் குறை சொல்லத்தான் அதை வைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. நிர்மலா, "அப்படி இருக்காதுங்கம்மா, அவ பாத்ததை எல்லாம் அப்படியே வெப்பா, காப்பிக் கொப்பு மாதிரி" என்கிறாள். இருக்கலாம். நான் சொன்ன மாதிரி கடைசி வரைக்கும் ஆடியிருந்தால், அன்றைக்கே இந்த இடத்துக்கு வந்திருப்பேன். வந்திருந்தால் கேட்டிருப்பேன். அது மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்கள் சொன்ன குறைகளை நிர்மலா தனக்குத் தெரிந்த அளவுக்குச் சரி செய்து போடுகிறாள். எருமை இனிமேல் சுவருக்குள் போகாது. வள்ளிக்கு மூச்சைக் கூட்டிவிடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கோகிலாவுக்கு இருந்தது அவ்வளவுதான். நீங்களும் கொஞ்சம் நின்று நின்று ஏறுங்கள்.

அம்மாவுக்கு இன்னொரு வசனம் கொடுத்திருக்கிறேன். நிர்மலா போனை நீட்டினாள். இரண்டு தடவை பாதியில் நிறுத்தினேன். மூன்றாவது தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது பதிலை அமுக்கினால் இனிமேல் அம்மா திரும்பிப் பார்த்து இப்படிச் சொல்வாள்: "உக்காரு சாமி. எத்தனை நாளா இப்படி இருக்குது? நாளைக்கு நான் வேலைக்குப் போகலை, ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

புதியது உங்களுக்கு. பழையதை அழிக்காமல் லேப்டாப்பிலேயே விட்டுவிடச் சொன்னேன். அதுவும் அந்த சொட்டரும் என்னிடம் இருக்கின்றன. வேலை முடிந்து வந்தால் பழையதைத் திறந்து, வள்ளியை நிறுத்தி நிறுத்தி வீடு வரைக்கும் கூட்டி வருகிறேன். பாதியில் விடுவதில்லை.