டயர் வாசித்தவர்

மூன்று செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து அவரைக் கண்டேன். துறைமுகத்தடி மீன் சந்தைக்கு வெளியே நிற்கும் சைக்கிள்களின் அருகே குந்தி, டயரை விரலால் துடைத்து எதையோ வாசிப்பார். ஐம்பது வயதிருக்கும். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். கள்ளன் என்றே நினைத்தேன்.

மூன்றாம் முறை குந்தியிருந்தது என் சைக்கிளடியில்.

“என்ன பாக்கிறீங்கள்?”

“நம்பர் ஐயா. நான் வாங்கின டயரிலயும் 26 எண்டுதான் கிடக்கு. ஆனா றிம்மில ஏறமாட்டன் எண்டுது. பக்கத்தில சின்னதா 590 எண்டு இருக்கவேணுமாம், அதுதான் என்ர றிம்மின்ர அளவு. கடை வழிய எல்லாம் 559தான். உங்கடையில 590 இருக்கு. எங்க வாங்கினீங்கள்?”

“ஞாபகமில்லை.”

“வடிவா யோசியுங்கோ ஐயா. உப்புவெளியில இருந்து நடந்தெல்லோ வேலைக்கு வாறன்.”

“ஞாபகமில்லை எண்டனான்.”

அவர் எழுந்து, என் சைக்கிளை ஒருமுறை பார்த்தார்.

“பூட்டு நல்ல பூட்டு,” என்று சிரித்துவிட்டு நடந்தார்.

டயர் வாங்கிய கடையும் திகதியும் எனக்கு நன்றாகவே நினைவிருந்தன. அடுத்த செவ்வாய், கடையின் பெயரை ஒரு துண்டில் எழுதி எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். சைக்கிளை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.