மங்கை அக்கா வாசிக்கவிடாத செய்தி

லண்டன் பிளேஸ்டோவில் பஸ்ஸுக்கு நின்றபோது மங்கை அக்காவின் மகன் அழைத்தார். “அண்ணை, அம்மா விடிய நித்திரையிலேயே போயிட்டா. நீங்கள்தான் அஞ்சலி எழுதவேணும். அப்பான்ரை விசயம் வந்தால், இனந்தெரியாத ஆயுததாரிகள் சுட்டது எண்டே போடுங்கோ.”

துக்கத்தோடு எரிச்சலும் வந்தது. அந்தச் சொற்களோடுதானே மனுசி ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார்!

சவுத்தாலில், ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த எங்கள் சின்ன வானொலியில் அவர் செய்தி ஆசிரியர். நான் எழுதி வாசிப்பவன். மேற்கு ஆபிரிக்காவில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஏதோவொரு கிராமத்தை எரித்துவிட்டுப் போனதாக அடிக்கடி செய்தி வரும். “இனந்தெரியாத ஆயுததாரிகள்” என்று எழுதிக் கொடுத்தால் தாளை என் பக்கமே தள்ளிவிடுவார்.

“ஆருக்குத் தெரியாது? உனக்குத் தெரியாது. அந்தச் சனத்துக்கு வந்தவன்ரை முகமும் தெரியும், தகப்பன்ரை பேரும் தெரியும். சொல்லப் பயம். அதை அப்பிடியே எழுது.”

அதோடு விடுவாரா? இறந்தவர்களின் பெயர்களையும் தேடச் சொல்வார். செய்தி நேரம் நெருங்கிவிடும், எனக்கு வேர்த்துக் கொட்டும். வாய்க்குள் நுழையாத பெயரை நான் விழுங்கினால், “உன்ரை பேரை வெள்ளைக்காரன் கொல்லேக்க என்ன கோவம் வருது உனக்கு? திருப்பிச் சொல்லு” என்பார். ஐயோ, அவரோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமில்லை.

ஒருநாள் அப்படிச் சண்டை பிடித்து முடித்த பிறகு, யாழ்ப்பாணத்தில் தன் கணவரை வாசலில் வைத்துச் சுட்டவனின் பெயரைச் சொன்னார். தலைக்கவசம் போட்டிருந்தவனை எப்படி அறிந்தார் என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

“பிறகேன் அக்கா இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?”

“தங்கச்சி இன்னும் அங்கைதானே இருக்கிறாள்” என்றார்.

செத்தவீட்டில் மகனோடு வாதாடினேன். “லண்டனில இருந்துகொண்டு எழுதுறது சுகம் அண்ணை. சித்தி அங்கை தனிய” என்றார். சீ, என்ன நாடு, என்ன பிழைப்பு இது! கடைசியில் நான் கேட்ட ஒரேயொரு வசனத்துக்கு மட்டும், “சரி, அவ்வளவுதான் ஏலும்” என்று தலையாட்டினார்.

அக்காவை அறிந்தவர்களே, அவர் என்னிடம் விட்டுப்போனது ஒரு கொலைகாரனின் பெயர். அவருக்கு நான் செய்யக்கூடிய அஞ்சலியும் அந்த ஒரு வசனம்தான்: மங்கை அக்காவின் கணவரைச் சுட்டவன் யாரென்று எனக்குத் தெரியும், சொல்லப் பயமாக இருக்கிறது.